‘சரி சார்’ சொன்ன பெண்களைப் பற்றி, என் மகனுக்கு

பூந்தமல்லியில் எல்லாரும் ‘சார்’ என்று கூப்பிடும் என் பிள்ளைக்கு,

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து உன் அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் அப்பா நலம்தான். காலையில் மூன்று தோசை தின்றுவிட்டு நாலாவதுக்குத் தட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறார். நான்தான் நன்றாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயம். வியாழக்கிழமை உன் வகுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பியதிலிருந்து ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி யாரோ என் வயிற்றைப் பிழிகிறார்கள். அரிசி களையும்போது கை நின்றுவிடுகிறது. எதற்கு நின்றது என்று யோசித்தால் உன் வகுப்பில் இருந்த அந்தப் பெண்களின் முகம் வருகிறது.

இதை நேரில் சொன்னால் நீ சிரிப்பாய். பஸ் ஸ்டாண்டில் சிரித்தாயே. உன்மேல் குற்றமில்லை, நான் வாங்கி வைத்திருக்கிற பெயர் அப்படி. பெண் பார்க்க வந்த உன் அப்பாவிடம், “காப்பிய குடிச்சிட்டு டம்ளரக் கழுவி வெச்சிட்டுப் போ” என்று சொன்னவள் நான். அந்த மனுஷன் மெய்யாகவே கழுவி வைத்தார், அதனால்தான் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து இந்தத் தெருவில் நான் எதைச் சொன்னாலும் கிண்டல்தான். ஒருமுறை கன்னம் வீங்கிப் பல்வலியில் அழுதபோதுகூட, யாரைப் போல நடித்துக் காட்டுகிறாய் என்று கேட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் சிரிப்பு வராது இல்லையா? நான் அஞ்சாவதோடு நின்றவள். ரெண்டு சுழி வர வேண்டிய இடத்தில் மூணு சுழி வந்திருந்தால் நீயே திருத்திக்கொள். சொல்ல வந்ததை மட்டும் திருத்தாதே.

சொல்ல வந்தது இதுதான். திங்கட்கிழமை கூட்டத்தில், பயிற்சி முடிந்த பெண்கள் எல்லாரும் தயார் என்று உன் மேலதிகாரியிடம் சொல்லப் போகிறாய். மழை பிடிப்பதற்குள், வீடு வீடாகக் குழந்தைகளின் நோய்நொடி பார்க்க, ஒவ்வொருத்தியையும் ஒரு தெருவுக்கு அனுப்பப் போகிறாய். அப்படிச் சொல்லாதே, நைனா. அவர்கள் இன்னும் தயாராகவில்லை. இதை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டியதில்லை. உன்னைப் போல மற்ற சுகாதார நிலையங்களில் ஆள் சேர்த்து, பழக்கி, தெருவுக்கு அனுப்புகிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

வியாழக்கிழமை என்ன நடந்தது என்று உனக்கே சரியாகத் தெரியாது, அதனால் முதலில் அதைச் சொல்கிறேன். நீதான் கூப்பிட்டாய். “வந்து பாரும்மா, உங்காலத்து மாதிரி பாய் போட்டுக் குந்தவெச்சு நடத்துற கிளாஸ் இல்ல” என்று பெருமையடித்துக்கொண்டாய். நானும் மடிப்புக் கலையாத புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, ஆவடியில் பஸ் மாறி வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மெய்யாகவே அழகாக இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன், சுவரில் கலர் கலராகக் குழந்தைப் படங்கள். முன்வரிசையில் உன் மேலதிகாரி. நீ பேசுவதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன், மறைக்க மாட்டேன். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு வீட்டிலேயே செய்கிற கரைசலைச் சொல்லிக்கொண்டே வந்தாய். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர் என்றாய். அதில் ஆறு டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் சர்க்கரை என்றாய்.

சர்க்கரைதான் ஆறு. உப்பு அரை. நீ மாற்றிச் சொன்னாய். வாய் தவறியது, அவ்வளவுதான். கல்யாண மேடையில் மாப்பிள்ளை பெயரை மாற்றி வாழ்த்திவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்! நான் அதற்குப் பயப்படவில்லை. அடுத்து நீ, “புரிஞ்சுதா?” என்றாய். அறை முழுக்க ஒரே குரலில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி, “சரி சார்” என்றார்கள். அப்போதுதான் பயந்தேன். என் பக்கத்து நாற்காலியில் கலா என்று ஒரு பெண். எழுதிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். வாயைத் திறந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உன் மேலதிகாரியின் பின்னந்தலையைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு அவளும், “சரி சார்” என்றாள்.

நீ ஏன் எழுந்து சொல்லவில்லை என்று என்னைக் கேட்பாய். பெற்ற பிள்ளையை அவன் அதிகாரி எதிரில் எப்படி நிறுத்துவது என்று நானும் அந்தப் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வாய் வைத்திருக்கிற எனக்கே அந்த அறையில் வாய் வரவில்லை என்றால், உன்னிடம் வேலைக்கு வந்திருக்கிற பெண்களுக்கு எப்படி வரும்?

டீ கொடுத்தார்களே, அப்போது கலாவிடம் ஒட்டிக்கொண்டேன். “இன்னாமா, சார் சொன்னதுல எதாச்சும் கோளாறு கீதா?”

“நீங்க யாரு?” என்றாள்.

சாரின் அம்மா என்று சொல்லியிருந்தால் அவள் டீயைக்கூடக் குடித்திருக்க மாட்டாள். “டீ போட வந்தவ” என்றேன்.

“மாத்தி சொல்ட்டாரும்மா. சக்கரதான் ஆறு. உப்பு அரைதான்.”

“அப்ப சொல்றதுதான? வாயில இன்னா கொழுக்கட்டையா?”

“ஐயே! சாராண்ட போயி தப்புன்னு சொல்றதா? எம்மாம் படிச்சவரு. அவரு எதிர்ல அந்தப் பெரியவரு வேற குந்திகினு கீறாரு. நாளிக்கு எம் பேர எடுத்துட்டா?”

அவளுக்கு அந்தப் பக்கம் தனம் என்று ஒருத்தி, கிட்டத்தட்ட என் வயது. பன்னை டீயில் தோய்த்துக்கொண்டே சொன்னாள்: “சார் தப்பா சொல்வாராம்மா? முன்ன சொல்லிக் குட்த்தது பழசு. இப்ப புதுசா மாத்திக்கீறாங்க போல. நான் அப்பிடியே எழுதிகினேன்.”

“அடிச்சிட்டு ஒழுங்கா எழுது தாயி. ஆறு ஸ்பூன் உப்பு குட்த்தா கொழந்த இன்னாத்துக்கு ஆவும்?”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “டீ போடறவளுக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? நீ போயி டம்ளரக் கழுவு.”

வேறு நேரமாக இருந்தால் அந்தப் பதிலுக்கு அவளைக் கட்டிக்கொண்டிருப்பேன். என்னிடம் இப்படிப் பேசுகிற வாய் உன்னிடம் பேசவில்லை பார். ஒருத்தி தெரிந்தும் சொல்லவில்லை. இன்னொருத்தி தப்பையே புதுப் பாடம் என்று நம்பிவிட்டாள். இந்த இரண்டில் எது பெரிய ஆபத்து என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பஸ் ஸ்டாண்டில் உன்னிடம் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? “யம்மா, வாய் தவறிடுச்சு. அடுத்த கிளாஸ்லயே திருத்திச் சொல்லிடறேன். இதுக்குப் போயா மூஞ்ச இப்பிடி வெச்சிகினு கீறே?” என்றாய். “யாரும் கேக்கலியேடா” என்றேன். “கேக்கலன்னா புரிஞ்சுகினாங்கன்னு அர்த்தம்மா” என்று சிரித்துக்கொண்டே ரெண்டு சாத்துக்குடியைக் கையில் திணித்து என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டாய். உப்பை நீ திருத்திவிடுவாய், அது எனக்குத் தெரியும். நீ சொன்ன சொல் மாற மாட்டாய். ஆனால் அந்த ‘சரி சார்’ அப்படியேதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு அவர்களை மழைக்குள் அனுப்பப் போகிறாயே என்றுதான் எனக்கு உதறுகிறது.

ஏன் உதறுகிறது என்று சொல்ல வேண்டுமானால், நீ ஆறாவதோ ஏழாவதோ படித்தபோது வந்த ஒரு மழையைச் சொல்ல வேண்டும். உன்னை அப்போது அம்பத்தூரில் உன் அத்தை வீட்டில் விட்டிருந்தோம், அதனால் நீ அதைப் பார்க்கவில்லை. இங்கே சர்ச்சுக்காரர்கள் நடத்திய சின்ன சுகாதார நிலையத்தில் நான் ஆயாவாக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். உன் அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் நிலையத்து நர்ஸை நாங்கள் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். தெருவுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துப் பழக்கி, குழந்தைகளை எடை போடவும் கர்ப்பிணிகளைப் பார்த்து வரவும் அனுப்ப வேண்டும் என்று சிஸ்டர் ஆரம்பித்தார். பாடம் நடத்துவது அவர். ஆளைப் பிடித்துக் கொண்டுவந்து உட்கார வைப்பதும், உட்கார்ந்தவள் ஓடாமல் பார்ப்பதும், படித்ததைத் தெருவில் செய்கிறாளா என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பதும் என் வேலை. இப்போது உன் நாற்காலிக்குப் பின்னால் பெரிய பெயராக எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த வேலைதான். எங்கள் காலத்தில் அதற்குப் பெயர், “யக்காவ கூப்டு.”

எங்கள் தெருக்களுக்குத் தண்ணீர் லாரி வருகிற நேரத்தில் வகுப்பு வைத்தால் ஒரு காக்காய்கூட வராது. அதனால் லாரி போன பிறகுதான் வகுப்பு. கைக்குழந்தைக்காரிகளைக் குழந்தையோடு வரச் சொன்னேன். சிஸ்டர் ஒரு பக்கம் பாடம் நடத்த, ஒரு பக்கம் ஏழெட்டு வாண்டுகள் உருண்டுகொண்டிருக்கும். புருஷன்மார்களைச் சமாளிப்பதுதான் பெரிய பேஜார். முனியம்மாவின் வீட்டுக்காரன் வாசலில் குறுக்கே நின்றுகொண்டு, “எம் பொஞ்சாதி ஊரான் புள்ளைக்கு மருந்து குடுக்கப் போய்ட்டா எனக்கு நாஸ்டா யாரு குடுப்பா?” என்றான். “மாமே, அவ நல்லா கத்துகினு வரட்டும். அப்பால ஒனக்கு ஊசி போட்ற வேல அவளுக்குத்தான். எங்க போட்றதுன்னு இப்பவே பாத்து வெச்சிக்கச் சொல்றேன்” என்றேன். தெருவே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டு வழியை விட்டான். இதெல்லாம் எனக்குக் கை வந்த கலை. இதில் நான் பயந்ததே இல்லை.

அந்த மழை பாதிப் பாடத்தில் வந்தது. ஏரி பக்கத்துத் தெருக்களில் முட்டிக்கால் தண்ணீர். கிணற்றுத் தண்ணீரும் சாக்கடையும் ஒன்றாகிவிட்டன. வாந்தியும் பேதியுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நிலையத்து வாசலில் நின்றார்கள். சிஸ்டர் ஒருத்தரால் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? பாடம் முடியாத பெண்களைத்தான் தெருவுக்கு அனுப்ப வேண்டியதாகிவிட்டது. அனுப்புவதற்கு முன் எல்லாரையும் நிற்க வைத்து சிஸ்டர் கேட்டார்: “உப்புச் சர்க்கரைக் கரைசல் எல்லாருக்கும் தெரியும்தானே?” “தெர்யும் சிஸ்டர்!” என்று கூரை பறக்கிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு அன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நாம் பிடித்து வந்த பெண்கள் எப்படிச் சொல்கிறார்கள் பார் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

அதில் எல்லாரையும்விட சத்தமாகச் சொன்னவள் ஸ்டெல்லா. பத்தாவது வரை போனவள், கல்யாணமாகாத பெண். கணக்கு, எடை, பெயர் எல்லாம் அவள் வாயில் நிற்கும். அவளைத் தேவகி என்ற பெண்ணின் வீட்டுத் தெருவுக்கு அனுப்பினோம். தேவகிக்கு ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. வகுப்பில் கரைசல் செய்து காட்டியதெல்லாம் எங்கள் நிலையத்து எவர்சில்வர் ஜக்கில். கழுத்துவரை ஊற்றினால் ஒரு லிட்டர். அந்த ஜக்குக்குத்தான் அந்த உப்பு, அந்தச் சர்க்கரை. தேவகி வீட்டில் ஜக்கு ஏது? சாமான் எல்லாம் தண்ணீரில் மிதக்கிறது. பித்தளைச் சொம்பு ஒன்று இருந்தது. ஜக்கில் பாதிகூடப் பிடிக்காது. ஸ்டெல்லா அந்தச் சொம்பில் தண்ணீரை ஊற்றினாள், ஜக்குக்குப் போடுகிற உப்பை முழுக்கப் போட்டாள். சர்க்கரை வீட்டில் இருந்தது கொஞ்சம்தான், இருந்ததைப் போட்டாள். குழந்தைக்கு ஊட்டச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தை குடித்தது. குடிக்கக் குடிக்க இன்னும் தாகம். தேவகி பாவம், குழந்தை ஆசையாகக் குடிக்கிறதே என்று மறுபடி மறுபடி அதே அளவில் கலக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

நான் பின்னாலேயே போய்ப் பார்க்கிறவள் இல்லையா, மாலையில் அந்த வீட்டுக்குப் போனேன். குழந்தை நாக்கை நீட்டி நீட்டி அழுதது. அழுகையில் கண்ணீர் இல்லை. “தண்ணி குட்த்துகினேதான்கா கீறேன், அடங்க மாட்டேங்குது” என்றாள் தேவகி. சொம்பிலிருந்து ஒரு வாய் எடுத்து நாக்கில் விட்டேன். துப்பினேன். ஊறுகாய்ப் பானையில் இருக்கிற தண்ணீர் மாதிரி இருந்தது. அதற்குள் குழந்தையின் கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது.

உன் அப்பா அன்றைக்கு ஷிப்டு முடிந்து வந்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். சைக்கிளில் அவர் முன்னால், பின்னால் கேரியரில் நான், என் மடியில் துணியில் சுருட்டிய குழந்தை. தேவகி தண்ணீருக்குள் பின்னாலேயே ஓடி வந்தாள். ரோடு எது பள்ளம் எது என்று தெரியவில்லை. உன் அப்பா, “புடிச்சிக்கோ, புடிச்சிக்கோ” என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. என் வாழ்க்கையில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அவ்வளவு தூரம் போனது அன்றைக்குத்தான். துணிக்குள் அசைவு இருக்கிறதா என்று என் வயிற்றை வைத்தே பார்த்துக்கொண்டிருந்தேன். சில நேரம் இருந்தது. சில நேரம் இல்லாத மாதிரி இருந்தது. இப்போது என் வயிற்றை யாரோ பிழிகிறார்கள் என்று சொன்னேனே, அது இந்த இடம்தான்.

குழந்தை பிழைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பல நாள் வைத்திருந்து கொடுத்தார்கள். இன்றைக்கு அவள் ரோட்டில் என்னைப் பார்த்தால், “ஆயா, பல்லு எப்ப கட்டப் போறே?” என்று கேட்டுவிட்டுப் போகிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது. பிழைத்ததற்காக நான் எல்லாச் சாமிக்கும் விழுந்து கும்பிட்டேன், ஆனாலும் பயம் போகவில்லை. ஸ்டெல்லா சொன்னதைக் கேட்ட பிறகு அது இன்னும் கூடியது.

வீட்டு மூலையில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஸ்டெல்லா. திட்டப் போகிறேன் என்று அவள் அம்மாவே வழிவிட்டு நின்றாள். நான் திட்டவில்லை. “இன்னாடி ஆச்சு?” என்று மட்டும் கேட்டேன்.

“சொம்பு சின்னதுன்னு தெர்ஞ்சிதுக்கா” என்றாள். “உப்ப கைல வெச்சிகினு கொஞ்ச நேரம் நின்னேன். பாதி போட்றதா, முழுசும் போட்றதான்னு. உன்னாண்ட ஓடி வந்து கேட்டுட்லாமான்னு பாத்தேன். எல்லார் எதிர்லயும் தெர்யும்னு கத்திட்டனே. மறுபடி வந்து தெர்யாதுன்னு எப்பிடிக்கா சொல்வேன்? சிஸ்டர் இன்னா நெனப்பாங்க? அதான் சொல்லிக் குட்த்தா மாரியே போட்டேன்.”

படித்துப் பார்த்தாயா, நைனா? அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. உப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். சந்தேகம் வந்த பெண்ணுக்கு வாய் வரவில்லை. சோம்பேறியாக இருந்தால், மக்காக இருந்தால், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டெல்லா எங்களிடம் இருந்ததிலேயே கெட்டிக்காரி. அதனால்தான் எனக்கு வியாழக்கிழமை கலாவின் வாய் திறந்து மூடியதைப் பார்த்ததும் அப்படி ஆனது. உப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவளை நான் மறுபடி பார்த்தேன்.

அதற்குப் பிறகு என்ன செய்வது என்று சிஸ்டருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. “சந்தேகம் இருந்தால் கேளுங்கள்” என்று சிஸ்டர் தினமும் சொன்னார். “சரி சிஸ்டர்” என்றார்கள். கேட்கவில்லை. ஒருநாள் சிஸ்டர் வர நேரமாகிவிட்டது. எனக்கு என்ன தோன்றியதோ, நானே ஜக்கை எடுத்து வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறேன் என்று உட்கார்ந்தேன். வேண்டுமென்றே கைநிறைய உப்பை அள்ளினேன். பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டேன். பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலக்கினேன். ஒருத்தி இன்னொருத்தியைக் கிள்ளினாள், அவ்வளவுதான். என்னிடம் தினமும் வாயடிக்கிற பெண்கள் இவர்கள். ஜக்குக்குப் பின்னால் உட்கார்ந்ததும் நானும் டீச்சராகிவிட்டேன். விளையாட்டு என்று ஆரம்பித்தது விளையாட்டாக இல்லை. ஒரு ஸ்பூனில் அதை மொண்டு, பக்கத்தில் உருண்டுகொண்டிருந்த முனியம்மாவின் பையன் வாய்க்கு நேரே கொண்டுபோனேன்.

“யக்கா!” என்று ஒரு அலறல். முனியம்மா பாய்ந்து வந்து ஸ்பூனைத் தட்டிவிட்டாள். “கண்ணு அவிஞ்சா பூட்ச்சு? எம்மாம் உப்ப அள்ளிப் போட்டுட்டு எம் புள்ள வாயிலயா ஊத்துறே? கஸ்மாலம்!”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. “இன்னொரு தபா திட்டுடி” என்றேன். அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். “மெய்யாலும் சொல்றேன், திட்டு. நல்லா கேக்கட்டும் இவளுங்களுக்கு.” திட்டினாள். அப்புறம் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து வாரத்தில் ஒருநாள் நான் பாடம் நடத்துவேன். அதில் எங்கேயோ ஒரு தப்பு இருக்கும். எங்கே என்று சொல்ல மாட்டேன். கண்டுபிடிக்கிறவள் என்னை என்ன வேண்டுமானாலும் திட்டலாம். மாமியாரைத் திட்ட முடியாதவர்கள் எல்லாரும் என்னைத் திட்டித் தீர்த்துக்கொண்டார்கள். சிஸ்டர் முதலில் முகம் சுளித்தார், பிறகு அவரும் ஒருநாள் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார். சிஸ்டரைத் திட்ட யாருக்கும் வாய் வரவில்லை. வெகுநேரம் கழித்து ஒருத்தி மெதுவாக, “சிஸ்டர், அத்த கொஞ்சம் மறுபடி சொல்றீங்களா?” என்றாள். சிஸ்டர் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டெல்லா திரும்பி வந்தாள், ஆனால் உப்பை அவள் மறுபடி தொடவே இல்லை. கல்யாணமாகிப் போகும்வரை குழந்தைகளை எடை மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாகிவிடும் என்று நான் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை ஒரு வகுப்பு இருக்கிறது என்றாய். பக்கத்து வீட்டு டிரைவர் பூந்தமல்லி வண்டியில்தான் போகிறார். அவரிடம் கொடுத்தனுப்பினால் இந்தக் கடிதம் அதற்கு முன் உன் கைக்கு வந்துவிடும். அந்த வகுப்பில் தப்பாகச் சொல். நீ வாய் தவறிச் சொன்ன அதே தப்பு வேண்டாம், அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வேறு ஒன்றில் சொல். சொல்லிவிட்டு, “புரிஞ்சுதா?” என்று கேட்காமல் சும்மா நில். எவ்வளவு நேரம் ஆனாலும் நில். நீ அவசரக்காரன், நிற்பது உனக்குக் கஷ்டம், தெரியும். யாராவது வாயைத் திறந்தால் உன் முகத்தைப் பார்த்துக்கொள். உன் முகம் ஒரு துளி மாறினாலும் போச்சு. அந்தப் பெண் அடுத்த முறை உப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது உன் முகம்தான் அவளுக்கு ஞாபகம் வரும். நீ சின்ன வயதிலிருந்தே தப்பு என்று சொன்னால் காது சிவந்துவிடுகிற பிள்ளை. காதைத் தலைமுடியால் மூடிக்கொண்டாவது போ. அப்புறம் அவர்களே கண்டுபிடிக்கும்வரை, தப்பை எந்த இடத்தில் வைத்தாய் என்று சொல்லாதே. வகுப்பு முடிவதற்குள் எல்லாத் தப்பையும் திருத்தாமல் ஒருத்தியையும் வெளியே விடாதே.

ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை என்றால், திங்கட்கிழமை அவர்கள் தயாரில்லை என்று சொல்லிவிடு. மழை வருகிறதே என்று உன் மேலதிகாரி சொல்வார். நியாயம்தான். அதே நியாயத்தில்தான் நாங்களும் அனுப்பினோம். கோபித்துக்கொண்டு உன்னை வேலையை விட்டு எடுத்தால் எடுக்கட்டும், வீட்டுக்கு வா. உன் அப்பா நாலாவது தோசையை உனக்கு விட்டுக்கொடுப்பார். மனசு வராது, நான் பிடுங்கித் தருகிறேன். நீ வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்துக்கொள்வேன். ஒருத்தி தன் குழந்தையைத் துணியில் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் ஓடுவதையும், அதற்கு நீ காரணம் என்று நீயே ஒருநாள் தெரிந்துகொள்வதையும் என்னால் பார்க்க முடியாது. அந்த சைக்கிள் கேரியரில் நான் உட்கார்ந்தது போதும். உனக்கு அது வேண்டாம்.

சனிக்கிழமை நானும் வருகிறேன். நீ வராதே என்று சொன்னாலும் வருவேன். உள்ளே வர மாட்டேன். தனம் என்னைப் பார்த்தால் டம்ளர் கழுவச் சொல்லுவாள். வராந்தாவில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பெற்ற பிள்ளையை ஊரான் வீட்டுப் பெண் திட்ட மாட்டாளா என்று காத்துக் கிடக்கிற தாயை நீ எங்கேயும் பார்த்திருக்க மாட்டாய். ஒரே ஒரு குரல் போதும். “சார், அது தப்பு” என்று ஒருத்தி சொல்கிற சத்தம் காதில் விழுந்தால், உன்னிடம் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து பஸ் ஏறிவிடுவேன்.

ஃபேன் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. கதவைத் திறந்து வை.

உன்னைத் திட்டுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும்
உன் அம்மா